பவுலடியாருக்கும் போதாமல் போனது

பொதுக்காலம் 33ஆம் ஞாயிறு, உலக வறியோர் நாள் – 2025 நவம்பர் 16
மலாக்கி 4:1-2; 2 தெசலோனிக்கர் 3:7-12; லூக்கா 21:5-19



இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருகிற அந்த வெள்ளிக்கிழமையை உங்களுக்கு நன்றாகத் தெரியும். விடியற்காலை, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் முன்பே கை தொலைபேசியைத் தேடும். சம்பளம் விழுந்துவிட்டதா என்று பார்ப்போம். விழுந்திருந்தால் ஒரு நிம்மதி. அந்த நிம்மதி ஆறுவதற்குள் வீட்டு வாடகை, கார்க் காப்புறுதி, தொலைபேசிக் கட்டணம், ஊரில் அம்மாவுக்கு அனுப்ப வேண்டியது என்று ஒவ்வொன்றாகக் கழிந்துவிடும். இரவு மறுபடி கணக்கைத் திறந்து பார்த்தால், மிச்சத்தை வைத்து அடுத்த வெள்ளி வரை எப்படி ஓட்டுவது என்ற யோசனை வந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை அது விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் விழவில்லை. நீங்கள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. ஆனாலும் விழவில்லை. உங்கள் வீடு எத்தனை வெள்ளிக்கிழமை தாங்கும்?

நம் உறவினர் பலர் வாழ்கிற பக்கத்து நாட்டில் இந்தக் கேள்விக்குப் பலர் விடை சொல்ல வேண்டியிருந்தது. செலவுக்கான சட்டம் நிறைவேறாததால் அக்டோபர் 1ஆம் திகதி அமெரிக்க அரசு முடங்கியது. 43 நாட்கள். அந்த நாட்டு வரலாற்றில் அதுவரை இவ்வளவு நீண்ட முடக்கம் இருந்ததில்லை. கடந்த புதன்கிழமை இரவுதான் முடிவுக்கு வந்தது. அந்த இடைக்காலத்தில் சுமார் 14 இலட்சம் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. ஏறக்குறைய பாதிப்பேரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் சம்பளம் இல்லாமலே வேலைக்குப் போனார்கள். வானில் விமானங்களுக்கு வழி சொல்கிறவர்களும், விமான நிலையத்தில் நம் பைகளைச் சோதிக்கிறவர்களும் அவர்களில் அடக்கம். இதற்கு நடுவில், 4 கோடிக்கு மேற்பட்ட ஏழை மக்கள் நம்பியிருந்த உணவு உதவிப் பணமும் நவம்பர் பிறந்தபோது உரிய நேரத்தில் வந்து சேரவில்லை.

அந்த நாட்களில் அவர்களுக்குக் கதவு திறந்தவை உணவு வங்கிகள். தலைநகர் வாஷிங்டனைச் சுற்றிப் பணியாற்றும் கேப்பிட்டல் ஏரியா உணவு வங்கி, அரசு ஊழியர்களுக்கென்றே தனியாகப் பொருட்கள் வழங்க ஏற்பாடு செய்தது. அரசு அடையாள அட்டையோடு வந்து, அரிசியும் மரக்கறியும் அடங்கிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு போனார்கள். முந்தின ஆண்டு இதே உணவு வங்கிக்கு அலுவலகத்தில் டின் சேர்த்து அனுப்பியவர்களும் அவர்களுக்குள் இருந்திருப்பார்கள்.

இதற்கு முன் 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் நீடித்த முடக்கத்தின்போது நம் கனடாக்காரர் செய்த ஒரு காரியம் என் நினைவில் நிற்கிறது. எட்மன்டனில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பணியாளர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து, அலாஸ்காவில் சம்பளமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்த சக பணியாளர்களுக்குப் பீட்சா வாங்கிக் கொடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு நாட்டின் மற்ற இடங்களில் இருந்தவர்களும் தொடங்க, சில நாட்களில் நூற்றுக்கணக்கான பீட்சாக்கள் அமெரிக்கக் கட்டுப்பாட்டு நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு விமானம் எல்லை கடக்கும்போது குரலால் மட்டும் பேசிப் பழகியவர்கள் இவர்கள். பீட்சாவைக் கொண்டு வாடகை கட்ட முடியாது என்பது அனுப்பியவர்களுக்கும் தெரியும். சம்பளம் இல்லாமல் இரவில் விழித்திருக்கும் ஒருவருக்கு, தன் நிலைமை இன்னொருவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே எவ்வளவு ஆறுதல்!

“கனடாவில் அப்படி நடக்காதே, ஃபாதர்” என்பீர்கள். உண்மைதான். இங்கே வரவுசெலவுத் திட்டம் நாடாளுமன்றத்தில் தோற்றால் தேர்தல் வருமே தவிர, ஊழியர் சம்பளம் நிற்காது. ஆனாலும் 2016இல் பீனிக்ஸ் என்ற புதிய சம்பளக் கணினி முறை வந்தபோது, நடுவண் அரசு ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் சரியான சம்பளம் இல்லாமல் மாதக்கணக்காக அலைந்ததை மறந்துவிட முடியாது. அது ஒருபுறம் இருக்கட்டும். நம் நகரத்தில் இன்று நான் காண்கிற பசி வேறு வகை. இங்கே சம்பளம் விழுகிறது. விழுந்தும் பசி போவதில்லை.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான ஓர் ஆண்டில் ரொறன்ரோவின் உணவு வங்கிகளுக்கு மக்கள் 41 இலட்சம் முறை வந்திருக்கிறார்கள். அதற்கு முந்தின ஆண்டில் சுமார் 35 இலட்சம். ஒரே குடும்பம் பலமுறை வருவதையும் சேர்த்த கணக்கு இது. ஆட்களாக எண்ணினாலும், இந்த நகரத்தில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் உணவு வங்கியை நாடியிருக்கிறார். சென்ற ஆண்டு டிசம்பரில் மாநகர சபையே உணவுப் பற்றாக்குறையை ஓர் அவசர நிலை என்று அறிவித்தது. நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தால், உணவு வங்கிக்கு வருகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வேலைச் சம்பளம்தான் பிரதான வருமானம். அதாவது அவர்கள் வேலை செய்கிறார்கள். செய்தும் போதவில்லை.

ஏன் போதவில்லை என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். ஒன்ராறியோவில் 2025 அக்டோபரில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.60 டொலர் ஆனது. இந்தப் பெருநகரில் கௌரவமாக வாழ மணிக்கு 26 டொலராவது வேண்டும் என்று இதைக் கணக்கிடுகிற அமைப்பு 2024இலேயே சொல்லிவிட்டது. ஏஜென்சி மூலம் தொழிற்சாலைக்குப் போகிறவருக்கு இந்தக் கிழமை ஐந்து நாள் வேலை, அடுத்த கிழமை இரண்டு நாள். வாடகை மட்டும் எந்தக் கிழமையும் குறைவதில்லை. காசு பற்றாதபோது வீட்டுக்காரரிடம் தவணை கேட்க முடியாது, மின்சாரத்தை நிறுத்த முடியாது. குறைக்கக்கூடியது ஒன்றுதான்: சாப்பாடு. முதலில் மீன் நிற்கும், பிறகு பால் நிற்கும். பிறகு “எனக்குப் பசியில்லை, நீங்கள் சாப்பிடுங்கோ” என்று அம்மா சொல்லத் தொடங்குவாள்.

இந்தக் கோவிலில் ஒவ்வொரு வாங்கிலும் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறீர்கள்? பத்தில் ஒருவர் என்றால்? எண்ண வேண்டாம். பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். அவர் இங்கே செபிக்க வந்திருக்கிறார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, நகரின் கிழக்குப் பக்கத்தில் ஓர் உணவு வங்கிக்குப் போயிருந்தேன். நீண்ட மேசைகளில் கடலை டின், மீன் டின், பாஸ்தா, முட்டை, அன்னாசி எல்லாம் வரிசையாக இருந்தன. தொண்டு செய்யும் ஒரு பாட்டி ஒவ்வொரு டின்னையும் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத் திகதி பார்த்து, காலம் கடந்ததைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வரிசையில் நம் தமிழர் ஒருவர் நின்றார். காவல் வேலைச் சீருடை, மேலே ஜாக்கெட். நிறுவனத்தின் சின்னம் தெரியாதபடி ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டியிருந்தார். இரவு வேலை முடித்து நேரே வந்திருக்கிறார் என்று கண்கள் சொல்லின. என்னைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. “ஃபாதர், நான் சும்மா ஓராளைக் கூட்டிக்கொண்டு வந்தனான்” என்றார். “நல்லது தம்பி” என்றேன். அவருடைய முறை வந்ததும் அரிசிப் பையை நானும் ஒரு கை பிடித்துக் காருக்குக் கொண்டுபோய் வைத்தோம். இருவரும் கால நிலையைப் பற்றியே பேசினோம். அவர் இந்தப் பங்கைச் சேர்ந்தவர் அல்லர், ஆகையால் யாரென்று யோசிக்க வேண்டாம்.

எட்டு மணி நேரம் கண் விழித்துக் கௌரவமாக உழைத்த ஒருவர், தன் குருவைக் கண்டு ஏன் ஒளிய வேண்டும்? திருடிவிட்டு ஒளிந்தால் புரியும். பிள்ளைகளுக்கு அரிசி வாங்க வந்ததற்கு யார் அவருக்கு இந்த வெட்கத்தைக் கற்றுக்கொடுத்தது?

பிரியமானவர்களே, நாமும் கொஞ்சம் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். அதற்கு இன்றைய இரண்டாம் வாசகத்தையும் துணைக்கு அழைத்திருக்கிறோம். உழைக்க மனமில்லாதவருக்குச் சாப்பாடும் வேண்டாம் என்று பவுலடியார் கண்டிப்பாகச் சொல்கிறார். வாசகர் அந்த இடத்துக்கு வந்தபோது சில தலைகள் ஆடியதை நான் கண்டேன். நம் வீட்டு விருந்துகளிலும் இந்த வசனம் அடிக்கடி எழும்பும். “நாங்கள் வந்த காலத்தில் இரண்டு வேலை, மூன்று வேலை செய்தோம், ஒருவரிடமும் கை நீட்டவில்லை” என்று தொடங்கி இந்த வசனத்தில் வந்து நிற்கும்.

பவுல் யாரை நோக்கி இதை எழுதினார்? ஆண்டவருடைய நாள் இதோ வந்துவிட்டது, இனி வேலை எதற்கு என்று கையைக் கட்டிக்கொண்டு, ஊர் வம்பு பேசித் திரிந்தவர்களை நோக்கி என்று மறைநூல் அறிஞர் பலர் சொல்வார்கள். வேலை தேடியும் கிடைக்காதவரைப் பற்றி அவர் பேசவில்லை. வேலை செய்தும் வயிறு நிரம்பாதவரைப் பற்றியும் அவர் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் மாட்டார். ஏனென்றால் அவரே அப்படி ஒருவராக இருந்தார்.

கூடாரம் செய்வது அவருடைய தொழில் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. தடித்த துணியோடும் தோலோடும் மல்லுக்கட்டுகிற வேலை. விரல் காய்க்கும், கண் எரியும். யாருக்கும் சுமையாக இருக்கக்கூடாது என்று தெசலோனிக்காவில் இரவும் பகலும் பாடுபட்டதாக இன்றைய வாசகத்தில் அவரே எழுதுகிறார். இரவு ஷிப்ட் என்றால் என்னவென்று பவுலடியாருக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

அப்படி உழைத்தாரே, அது அவருக்குப் போதுமானதாக இருந்ததா?

வீட்டுக்குப் போனதும் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் நான்காம் அதிகாரம், பதினாறாம் வசனத்தைத் திறந்து பாருங்கள். தாம் தெசலோனிக்காவில் இருந்தபோது, தம் தேவையை அறிந்து பிலிப்பி மக்கள் ஒருமுறைக்கு மேல் உதவி அனுப்பியதை நன்றியோடு நினைவுகூர்கிறார். அதே ஊர். அதே மனிதர். இரவும் பகலும் உழைத்த அதே காலம். உழைக்காதவர் உண்ண வேண்டாம் என்று எழுதிய அந்தக் கைதான், உழைத்துக்கொண்டிருந்த நாட்களிலேயே பிலிப்பியிலிருந்து வந்த உதவியை நீட்டி வாங்கியது. வாங்கியதை அவர் ஒளிக்கவில்லை. திருச்சபை முழுவதும் வாசிக்கப்போகும் கடிதத்தில் எழுதி வைத்தார்.

ஆகவே, சம்பளம் வாங்கியும் அந்த வரிசையில் நிற்க வேண்டியிருக்கிற சகோதரரே, சகோதரியே, உங்களுக்கு முன்னால் பவுலடியார் நிற்கிறார். அவர் தலையைக் குனியவில்லை. நீங்களும் குனிய வேண்டாம். பிலிப்பியருக்கு அவர் இன்னொன்றும் சொல்கிறார்: அவர்கள் அனுப்பிய பொருளைவிட, அதனால் அவர்களுடைய கணக்கில் சேர்கிற நன்மையையே தாம் நாடுவதாக. கொடுக்கிறவருக்குக் கடவுளின் முன் நன்மை சேர வேண்டுமானால், வாங்குவதற்கு ஒருவர் வேண்டும். நீங்கள் வெறுங்கையோடு அங்கே போகவில்லை.

நம்மில் மூத்தவர்களுக்கு வரிசை என்ன புதிதா? 70களில் இலங்கையில் விடியுமுன் எழும்பிப் பாணுக்கு நின்றீர்கள். கூப்பன் புத்தகத்தோடு சங்கக்கடை வாசலில் நின்றீர்கள். சென்ற மாதம் 30ஆம் திகதியோடு, போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து முப்பது ஆண்டுகள் முடிந்தன. 1995இன் அந்த மழை இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்குள் போனார்கள். ஆசிரியர்கள் போனார்கள், எழுதுவினைஞர்கள் போனார்கள், கடை முதலாளிகள் போனார்கள். வீட்டில் நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்தவர்கள் கோவில் விறாந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் கஞ்சிக்குப் பாத்திரம் ஏந்தினார்கள். சாவகச்சேரியில் அவர்களுக்குத் தங்கள் வீட்டு முற்றத்தைத் திறந்துவிட்டவர்கள் “நீ வேலை செய்கிறாயா?” என்று கேட்டா கஞ்சி ஊற்றினார்கள்?

அன்று அந்த வரிசையில் வெட்கம் அவ்வளவாகத் தெரியவில்லை, ஏனென்றால் ஊரே சேர்ந்து நின்றது. இங்கே ஒவ்வொருவரும் தனித்தனியே, தெரிந்தவர் கண்ணில் படாத நேரம் பார்த்துப் போகிறோம். வெட்கம் அதனால் வருகிறது. பசி பழையதுதான். தனிமைதான் புதிது. பங்கு என்று ஒன்று இருப்பது இந்தத் தனிமையை உடைக்கத்தானே?

இனி, கொடுக்க வசதியுள்ளவர்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன். ரூத்து என்ற மோவாபியப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கணவனை இழந்தவள். மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வந்து சேர்ந்த அந்நிய நாட்டுப் பெண். அறுவடைக்குப் பின்னால் சிந்தியதைப் பொறுக்க வயலுக்குப் போகிறாள். வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காமல், உதிர்ந்ததைப் பொறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட வேண்டும் என்பது கடவுள் இஸ்ரயேலருக்குத் தந்த சட்டம். சட்டத்தின்படி அந்த வயலின் உரிமையாளரான போவாசு அவளை உள்ளே விட்டாலே போதும். அவர் அதோடு நிற்கவில்லை. வேலையாட்களைக் கூப்பிட்டு, கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களை உருவிப் போடச் சொல்கிறார். அவளுடைய மனம் நோகும்படி ஒருவரும் பேசக்கூடாது என்று கட்டளையிடுகிறார். தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். சாப்பாட்டு வேளையில் தம் ஆட்களோடு உட்கார வைத்து வறுத்த தானியம் கொடுக்கிறார். அவள் வயிறாரச் சாப்பிட்டு, மாமியாருக்கும் மிச்சம் கொண்டு போகிறாள்.

கதிரைத் தற்செயலாக விழுந்தது போல விழவிடும் அந்த நுட்பத்தைக் கவனித்தீர்களா? அவள் கண்ணுக்கு அது அவள் பொறுக்கிய கதிர். மாலையில் தட்டி எடுத்த தானியம் அவளுடைய உழைப்பின் பலன். வாங்குகிறவர் முகம் வாடாமல் கொடுப்பது எப்படி என்று அறிய விரும்பினால் அந்த வயலுக்குப் போக வேண்டும். நாம் கொடுக்கும்போது படம் எடுத்து முகநூலில் போடுகிறோமா? அலுமாரியின் அடியில் கிடந்து, நமக்கே வேண்டாத டின்னைத் தேடி எடுக்கிறோமா? “பாவம், இவர்களுக்கு இது போதும்” என்று எப்போதாவது மனதில் சொன்னோமா? நம் பிள்ளைக்கு எதை வாங்குவோமோ அதையே வாங்கிக் கொடுப்போம்: நல்ல அரிசி, மைசூர்ப் பருப்பு, மீன் டின், சமையல் எண்ணெய், குழந்தைப் பால்மா. காசாகக் கொடுத்தாலும் நல்லது. மொத்தமாக வாங்கும் உணவு வங்கியின் கையில் நம் டொலர், நம்மிடம் இருப்பதைவிடத் தூரம் போகும்.

அந்த ரூத்தின் கொள்ளுப் பேரன்தான் தாவீது அரசர். நம் ஆண்டவருடைய தலைமுறைப் பட்டியலை எழுதும்போது மத்தேயு அவள் பெயரை விடாமல் எழுதுகிறார். பிறர் வயலில் கதிர் பொறுக்கிய ஒரு புலம்பெயர்ந்த பெண்ணின் வழித்தோன்றலாகப் பிறக்க, கடவுளின் மகன் வெட்கப்படவில்லை.

ஆனால், அன்புக்குரியவர்களே, இரக்கத்தோடு நின்றுவிட்டால் போதுமா? டெய்லி பிரெட் உணவு வங்கியை இந்த நகரில் 1983இல் தொடங்கியவர் ஓர் அருட்சகோதரி, மரி ட்ராம்ப்ளே. இலங்கையில் தமிழருக்கு எதிரான கறுப்பு ஜூலை வன்முறை நடந்த ஆண்டும் அதுதான். நாம் கூட்டம் கூட்டமாக இந்த நாட்டுக்கு வரத் தொடங்கியதும் அதன் பிறகுதான். பொருளாதாரம் சரிந்த அந்தக் காலத்தில் உணவு வங்கி என்பது ஒரு தற்காலிக ஏற்பாடாகத்தான் கருதப்பட்டது. நிலைமை சீரானதும் மூடிவிடலாம் என்றார்கள். 42 ஆண்டுகள் ஆகியும் மூட முடியவில்லை. பெருந்தொற்றுக்கு முன் அங்கே மாதத்துக்கு ஏறக்குறைய 65,000 வருகைகள் இருந்தன. இன்று அதுபோல் பல மடங்கு.

கூலியாளின் கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. திராட்சைத் தோட்ட உவமையில், மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் முழு நாள் கூலி கொடுக்கிறார் உரிமையாளர். ஒரு மணி நேரம் வேலை செய்தவரின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வறியோரை அன்புசெய்வது பற்றித் திருத்தந்தை பதினான்காம் லியோ சென்ற மாதம் ‘திலெக்சி தே’ என்ற மடலை நமக்குத் தந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தி, 2017 முதல் நாம் கடைப்பிடித்து வரும் இந்த உலக வறியோர் நாளில், அந்த அன்பு நம் தொழில் கணக்குப் புத்தகத்தையும் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்களில் உணவகம் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். துப்புரவு ஒப்பந்தம் எடுக்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், பேஸ்மென்டை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறீர்கள். புதிதாக வந்த பிள்ளை, ஆங்கிலம் தெரியாது, விசா சிக்கல், கையில் காசாகக் குறைத்துக் கொடுத்தாலும் வாய் திறக்க மாட்டான் என்று நினைத்ததுண்டா? நாள்முழுக்க நம்மிடம் வேலை செய்கிற பிள்ளை சனிக்கிழமை உணவு வங்கிக்குப் போகிறது என்றால், அந்தப் பையில் இருக்கும் அரிசியில் எத்தனை பிடி நாம் கொடுக்க வேண்டிய கூலி? இதைக் கேட்பது உங்களைக் குற்றவாளியாக்க அல்ல. வரிதண்டுவோரின் தலைவரான சக்கேயு மரத்திலிருந்து இறங்கிய அன்று அவருடைய வீட்டில் விருந்துதான் நடந்தது. கணக்கைச் சரிசெய்ய மனம் வைத்தவரைத் தேடி ஆண்டவர் வீட்டுக்கே வருகிறார்.

இன்றைய நற்செய்தியில், கோவிலின் அழகிய கற்களைப் பார்த்து மக்கள் வியக்கிறார்கள். இவை ஒன்றன்மேல் ஒன்று நிற்காத நாள் வரும் என்கிறார் இயேசு. எவ்வளவு பெரிய கட்டடமும், எவ்வளவு வலிய அரசும் ஒரு நாள் கதவை மூடலாம். இந்த ஆண்டு நம் கண்முன்னே ஒரு பேரரசு 43 நாட்கள் தன் ஊழியருக்குக் கூலி கொடுக்க முடியாமல் நின்றது. பஞ்சமும் கொள்ளைநோயும் வரும் என்பதையும் ஆண்டவர் மறைக்கவில்லை. ஆனால் அதே மூச்சில், தம்முடையவர்களின் தலைமுடி ஒன்றும் அழியாது என்று வாக்களிக்கிறார். தலைமுடியை எண்ணி வைத்திருக்கிற தந்தை, உங்கள் வீட்டில் அரிசி எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதை அறியாமல் இருப்பாரா? ஆண்டவரின் பெயருக்கு அஞ்சி நடப்பவர்கள்மேல் நலம் தரும் கதிர்களோடு நீதியின் ஞாயிறு எழும் என்கிறார் மலாக்கி. ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிற இந்த நவம்பர் மாதத்தில் அந்த வாக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவர் அறிந்திருக்கிறார் என்பதற்கு அடையாளமாகத்தான் உங்களை ஒருவருக்கொருவர் தந்திருக்கிறார். ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறேன்.

வீட்டில் போதாமல் இருந்தால், பிள்ளைகள் பட்டினி கிடக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 211 என்ற இலக்கத்தை அழையுங்கள். கிட்ட இருக்கும் உணவு வங்கி எது, எப்போது திறக்கும் என்று சொல்வார்கள். தமிழில் பேச ஆள் வேண்டும் என்றும் கேட்கலாம். அல்லது என்னிடம் வாருங்கள். காரணம் கேட்க மாட்டேன்.

நிறைவாக இருப்பவர்கள் இந்தக் கிழமை கடைக்குப் போகும்போது, உங்கள் கூடையில் போடும் ஏதாவது ஒரு பொருளை இரண்டாக வாங்குங்கள். இரண்டாவதைப் பிள்ளையின் கையால் கொடுக்கச் செய்யுங்கள். யாருக்கு என்று பிள்ளை கேட்டால், “எங்களைப் போல வேலைக்குப் போகிற ஒருவருக்கு” என்று சொல்லுங்கள்.

மூன்றாவது எல்லோருக்கும். உணவு வங்கிக்குப் போகிறவரைப் பற்றி இனி யாராவது உழைக்காதவர் உண்ண வேண்டாம் என்ற வசனத்தை எடுத்து வீசினால், “அதே பவுலடியாருக்கும் போதாமல் போனது, பிலிப்பியர் நான்கு, பதினாறு” என்று அன்போடு சொல்லிவிடுங்கள். அவ்வளவு போதும்.

இப்போது செபிப்போம். இரக்கமுள்ள தந்தையே, உழைத்துக் களைத்து வருகிறவர்களின் மேசையை நிரப்பும். வாங்குகிறவருக்குத் துணிவையும், கொடுக்கிறவருக்குப் பணிவையும், கூலி கொடுக்கிறவருக்கு நேர்மையையும் தாரும். உம் மகன் அப்பமாக வருகிற இந்தப் பீடத்தைச் சுற்றி நிற்கிற நாங்கள், ஒருவரை ஒருவர் வெறுங்கையோடு அனுப்பாதிருக்கச் செய்யும். ஆமென்.